சால்வை வேண்டாம், ஒரு பக்காப்படி போதும்

திருநெல்வேலி மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும் கிளை நூலகங்களின் வாசகர் வட்டத்தாருக்கும்

வணக்கம்.

சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அதன் வயது சுமார் 3,200 ஆண்டுகள் என்று முடிவு வந்தது. 2021இல் சட்டமன்றத்திலேயே அதை அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். பொருநை என்னும் நம் தாமிரபரணிக் கரையில் அத்தனை காலத்துக்கு முன்பே நெல் இருந்தது உறுதியாகிவிட்டது. அதே பொருநைக் கரையில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், நெல் இல்லாத நாளில் அடுப்பில் என்ன வெந்தது? இதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். அடுத்த தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். போய்க் கேட்டால் போதும். போகத்தான் ஆளில்லை. போகிற சிலருக்கும் கேட்கும் வகை தெரியவில்லை. முதியவர்களின் கஷ்டகால நினைவுகளை எப்படிக் கேட்டுப் பதிவு செய்வது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் கூட்டுறவு நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கத்து ஊர்களில் தராசுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தது. எடை குறைகிறது என்று என்னிடம் சண்டைக்கு வராத ஊர் கிடையாது. அதனால் வரிசையில் நிற்கும் முகத்தைப் பார்த்தே வீட்டு நிலைமையைச் சொல்லிவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சரக்கு இறங்கிய அன்றே சாக்கும் கையுமாக வந்து நிற்பவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. அவர்கள் வாய்விட்டுப் பேசுவார்கள். கடை சாத்தப்போகும் நேரத்தில் பிள்ளையின் கையில் அட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டு, தாம் தள்ளி வேப்பமரத்தடியில் நிற்பவர்கள் இன்னொரு ரகம். நாம் பதிவு செய்யவேண்டிய கதைகளில் பாதி இந்த இரண்டாவது ரகத்தாரிடம் இருக்கின்றன. கேட்டால் சொல்லாதவர்களும் இவர்களே.

மறந்துபோனதால் சொல்லவில்லை என்று நினைப்பது தவறு. பசியை அண்டை வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பதில் இளமை முழுவதையும் செலவழித்தவர்கள் இவர்கள். அரிசி இல்லாத நாளிலும் புகை தெரியட்டும் என்று வெறும் உலையை ஏற்றிவைத்த வீடுகள் நம் ஊர்களில் இருந்தன. அப்படிக் கட்டிக் காத்த மானத்தை, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து “கொஞ்சம் சொல்லுங்கள்” என்றால் அவிழ்த்துவிடுவார்களா?

ஒரு முதியோர் தினக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஊரும் வேண்டாம், நடத்தியவர் பெயரும் வேண்டாம். பந்தல், நாற்காலி, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முறைப்படி நடந்தன. எண்பது வயதுப் பெரியவர் ஒருவரை மேடையேற்றிச் சால்வை போட்டு, “ஐயா, நீங்கள் பட்ட கஷ்டத்தை இளைய தலைமுறைக்கு இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள்” என்றார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பலத்த கைதட்டல். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைப் பெஞ்சில் அவரே என்னிடம் பேசத் தொடங்கினார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். ஒரு மாதம் மணியார்டர் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. தபால்காரர் தெருவில் நுழையும் நேரத்துக்குச் சரியாக அம்மை வாசலுக்கு வந்து, ஏற்கெனவே பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கிக்கொண்டிருப்பாளாம். காத்துக்கொண்டிருப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது அல்லவா? இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டேன். மேடையில் இரண்டு வார்த்தை. பெஞ்சில் ஒரு வாழ்க்கை. அந்தச் சால்வை மடிப்புக் கலையாமல் அவர் மடியில் இருந்தது.

என் வீட்டு வாசலில் நடந்தது இதைவிட எனக்குப் பாடம். பரணில் கிடந்த, அரிசி அளக்கும் பழைய பித்தளைப் பக்காப்படியைப் புளி போட்டு விளக்கித் திண்ணையில் காயவைத்திருந்தேன். எதிர்ச்சாரி ஆச்சி அந்த வழியாக வந்தார். பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய பேத்தி பள்ளித் திட்டப்பணிக்காக “பஞ்ச காலத்தில் என்ன செய்தீர்கள் ஆச்சி?” என்று கேட்டு, “வேறென்ன, இருந்ததைத் தின்றோம்” என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பியவள். அதே ஆச்சி படியைப் பார்த்ததும் நின்றார். கையில் எடுத்தார். முதலில் செய்த காரியம், கட்டைவிரலை உள்ளே விட்டு அடியைச் சுற்றித் தடவியதுதான். “அடி ஒடுங்கவில்லை. நல்ல படி” என்றார்.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பிறந்த ஊர்க் கடைக்காரருடைய படியின் அடியில் ஓர் ஒடுக்கு உண்டாம். படி சாக்கின்மேல் உட்கார்ந்திருக்கும்போது யார் கண்ணுக்கும் படாது; படிக்கு ஒரு கைப்பிடி அரிசி மட்டும் குறைந்துகொண்டே இருக்கும். அது போதாதென்று, அரிசியைக் கோபுரமாக நிற்கவிடாமல் புறங்கையால் தலை தட்டி அளப்பார். “எங்கள் அம்மை வீட்டுக்கு வந்ததும் நாழி என்ற சின்ன அளவையில் திரும்ப அளந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசமாட்டாள். கடன் அரிசிக்கு என்ன பேச்சு?” என்றார் ஆச்சி. அந்த அரிசியில் பிள்ளைகளுக்குச் சோறு, பெரியவர்களுக்கு வடித்த கஞ்சி. அதுவும் தீர்ந்தால் மரச்சீனிக் கிழங்கு. அதுவும் இல்லாவிட்டால் புளியங்கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, ஊறவைத்து, உப்புப் போட்டு அவித்தது. அவித்தால் எத்தனை நேரம் மெல்ல வேண்டும் என்பதைத் தாடையை அசைத்தே காட்டினார். இப்போது பல் இல்லை.

காதை அவரே தொட்டுக் காட்டினார். துளை தோள்வரை தொங்குகிறது; நகை இல்லை. மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு காதுப் பாம்படத்தை அடகு வைத்தார். வட்டி ஏறி அது மூழ்கிவிட்டது. “ஒற்றைப் பாம்படத்தோடு தெருவில் நடக்க முடியுமா? மற்றதையும் விற்றுவிட்டேன்.” சொல்லும்போது சிரித்தார்.

பேத்தி கேட்டது பஞ்சத்தைப் பற்றி. அவருக்குப் பஞ்சம் என்று ஒன்று தனியாக நினைவில் இல்லை. படி இருந்தது, கடை இருந்தது, அம்மையின் பேச்சில்லாத முகம் இருந்தது. ஆகவே என் முதல் வேண்டுகோள், ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு மரப்பெட்டி வையுங்கள். அதில் ஒரு பக்காப்படி, ஒரு நாழி, ஒரு சுளகு, ஓர் ஓலைக் கொட்டான், ஒரு சிம்னி விளக்கு, நடுவில் துளை போட்ட யுத்தகாலக் காலணா, யாராவது எறியாமல் வைத்திருக்கும் பழைய குடும்ப அட்டை. பெரிய செலவில்லை, பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டவையே கிடைக்கும். கண்ணாடிக்குள் பூட்டிவிடாதீர்கள். தொட்டுத் தடவவே அந்தப் பெட்டி.

தள்ளிப்போட நாளில்லை என்பதற்குக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும், அடுத்த ஆண்டுகளில் யுத்தகால ரேஷனுக்கு வரிசையில் நின்றவர்களும் அநேகமாகப் போய்விட்டார்கள். 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது நினைவிருக்கிறவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். எண்பதுக்குக் கீழே இருப்பவர்களிடம் 1965, 66 இருக்கிறது: மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்த காலம். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். வாரத்துக்கு ஒருவேளை மட்டும்தானா என்று நம் பக்கத்தில் பல வீடுகள் வியந்திருக்கும். 1967 தேர்தலில் “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்றார்கள். ரூபாய்க்கு ஒரு படி, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. நம் ஊர்ச் சுவர்களில் முழக்கம் இருந்தது. அந்தச் சுவரை எழுத்துக்கூட்டிப் படித்த சிறுவர்களுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது.

மதிய உணவுக் கதை எல்லாருக்கும் தெரியும். சேரன்மகாதேவிப் பக்கம் காரை நிறுத்தி, மாடு மேய்த்த சிறுவனிடம் காமராஜர் பேச்சுக் கொடுத்தார் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். 1956இல் எட்டயபுரத்தில், அன்றைய நெல்லை மாவட்டத்திலேயே, திட்டம் தொடங்கியது. பின்னாளில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாகக் கோதுமை ரவையும் பால் பவுடரும் பள்ளிகளுக்கு வந்தன. கேட்டவரின் கதை இத்தனை பிரபலம். தின்றவர்களின் கதையை யார் எழுதினார்கள்? தட்டு யார் கொண்டு வந்தது, இலையில் யார் தின்றது, யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை, எத்தனை பேர் பாதியைக் கொட்டானில் மறைத்துத் தங்கைக்குக் கொண்டுபோனார்கள்? அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அடுத்தது, ஆண்டு கேட்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள். “அது எந்த வருஷம் தாத்தா?” என்று இடைமறித்தால் கதை அங்கேயே நின்றுவிடும். அவருடைய காலண்டர் வேறு. “மணிமுத்தாறு அணை கட்டும்போது” என்றால் 1950கள். “நயாபைசா வந்த புதிதில்” என்றால் 1957. “நம் திருநெல்வேலி வானொலி பாட ஆரம்பித்த பிறகு” என்றால் 1963க்குப் பின். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி. வேலைநிறுத்தத்தால் ரயில் ஓடாத மே மாதம் 1974. சத்துணவு வந்தது 1982. மாவட்டத்தை இரண்டாக்கித் தூத்துக்குடியைப் பிரித்தது 1986. ஆற்றில் பெருவெள்ளம் 1992 நவம்பர். இப்படி ஒரு பட்டியலை அச்சிட்டுக் கேட்கப் போகிறவர் பையில் வையுங்கள். வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். கோட்டை, மரக்கால் என்ற நெல் அளவுகளும் கார், பிசானம் என்ற நெல் பருவங்களும் தெரிந்த ஒருவரையும் உடன் அனுப்புங்கள். கல்லூரிப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால், “அவர்களுக்குத்தான் தெரியும்” என்று முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் விலைவாசி. எந்தப் பாத்திரம் எந்த மாதம் அடகுக் கடைக்குப் போனது, எது திரும்பி வந்தது என்பது அம்மைக்குத்தான் தெரியும். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் போனால் பீடி சுற்றும் கையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சுளகு மடியில் இருக்கட்டும். கை ஓடினால் வாய் ஓடும். கடையில் கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாமல் சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்த்தது, கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி இல்லாமல் போனது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பீடியின் வாயை மடக்கிக் கொடுத்த பிறகே விளையாடப் போனது, எல்லாம் தானாக வரும். பனையேறியிடம் பனையடியில் கேளுங்கள். நெசவாளியிடம் தறியடியில். பத்தமடையில் பாய் முடைபவரிடம் கோரையின் பக்கத்தில். ஒரே வேலை பார்த்த இருவரைச் சேர்த்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொல்வதை மற்றவர் “அப்படி இல்லை” என்று மறுப்பார். அந்த மறுப்பில்தான் பாதிச் சரித்திரம் வெளியே வரும். நாம் மறுக்கக் கூடாது, அவ்வளவே. மகனும் மருமகளும் திருத்தக் கூடாது. “தாத்தா ஆரம்பித்துவிட்டார்” என்ற பேச்சு அந்தப் பக்கமே வரக் கூடாது. வயதானவர் பழசைத் திரும்பத் திரும்ப எண்ணுவது மூளை தளர்ந்ததால் அல்ல, அது முதுமையின் இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1963லேயே எழுதிவிட்டார். நம் வீடுகளுக்கு இன்னும் அந்தச் செய்தி வந்துசேரவில்லை.

இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. ஆனால் இதை விட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஒருவருடைய கஷ்டகாலம் இன்னொருவருக்கு நல்ல காலமாக இருந்தது. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை விளைச்சலில் வாரம் வாங்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த வீடுகள் இருந்தன. பதுக்கியவர் இருந்தார். மீட்க முடியாத வட்டி போட்டவர் இருந்தார். கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்ததே 2003இல்தான். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில், சில வேளை அதே வாசகர் வட்டத்தில், நல்லவர்களாக இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை இருந்த நாட்களில் செங்கோட்டை ரயிலில் வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு கேரளத்துக்குப் போய்வந்த பெண்கள் இருக்கிறார்கள். ஏட்டில் அது கடத்தல். வீட்டில் அது நான்கு பிள்ளைகளின் இரவுச் சோறு. அவர் பெயரைப் போட்டுப் படத்தோடு மலர் வெளியிட்டால், மறுவாரம் மருமகள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்?

ஆகவே பெயர் போடலாமா என்பதைச் சொன்னவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் பேசி முடித்த அன்றே கேட்கக் கூடாது. பேசிய மயக்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். சில நாள் கழித்து, சொன்னதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய், கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, “இது இருக்கட்டுமா, எடுத்துவிடவா?” என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். எத்தனை நல்ல பகுதியாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்றால், உறையில் போட்டு ஒட்டிப் பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகத்தில் வையுங்கள்.

சிலர் அழுவார்கள். மருந்துக்குக் காசில்லாமல் போன பிள்ளையின் பெயரை ஐம்பது ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாகச் சொல்லும் தாய் இருப்பார். அப்போது கேட்பவரிடம் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். அடுத்த கேள்வி இருக்க வேண்டாம். பதிவுக் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஆளைத்தான் இந்த வேலைக்கு அனுப்ப வேண்டும். மறுநாளும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கதையை வாங்கிக்கொண்டு போன பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவர்களுக்குப் புதுக் கஷ்டம்.

இன்னொன்று, இது என் தனிப்பட்ட எரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். “அந்தக் காலத்தில் கம்பும் குதிரைவாலியும் தின்று நோயில்லாமல் இருந்தார்கள்” என்று பேசுகிறவர்களை இந்தப் பக்கம் விடாதீர்கள். குதிரைவாலி இப்போது பளபளக்கும் பாக்கெட்டில், அரிசியைவிடக் கூடுதல் விலையில் விற்கிறது; வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் எங்கள் ஆச்சிக்குக் குதிரைவாலி என்றால் நெல்லுச்சோறு இல்லை என்று பொருள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்டவரிடம் போய் அவருடைய வறுமையை ஆரோக்கியக் குறிப்பாக மாற்றிக் கேட்பது அழகல்ல. சிக்கனத்துக்குப் பாடம் சொல்லுங்கள் என்று கேட்பதும் அப்படித்தான். அவர்கள் சிக்கனமாக இருக்கவில்லை. அவர்களிடம் இல்லை.

போட்டி வைத்துச் சிறந்த கஷ்டத்துக்கு முதற்பரிசு கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், தயவுசெய்து முதல் கூட்டத்திலேயே கைவிட்டுவிடுங்கள். உங்களுக்குத் துணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்துக்குக் கள ஆய்வு பழகிய வேலை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. அனுமதி கொடுத்தவர்களின் குரலை ஒலிபரப்பத் திருநெல்வேலி வானொலியைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த நிலையத்தோடு சேர்ந்து முதிர்ந்த காதுகள் இவை. தங்கள் குரல் அதில் வருகிறது என்றால் பேசாதவரும் பேச நினைப்பார்.

கூட்டம் நூலகத்தில் வைப்பதானால் படியேறத் தேவையில்லாத அறையாகப் பாருங்கள். கழிப்பறைச் சாவி பொறுப்பாளர் வீட்டில் இருக்கக் கூடாது. காலை பத்து மணிக்கு மேல், பன்னிரண்டுக்குள். அதற்குள் மாத்திரை, பலகாரம் எல்லாம் முடிந்திருக்கும். மதியத்துக்கு மேல் வைத்தால் தூங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எப்போது தொடங்கலாம் என்றால், பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் மட்டும் வேண்டாம். அப்போது பதநீர் காலம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துப் பனைக்குடும்பங்கள் வேலைக்காட்டில் இருக்கும், கருப்பட்டி காய்ச்சும் அடுப்பை விட்டு யாரும் எழுந்து வர மாட்டார்கள். ஆடி கழியட்டும். ஆவணியில் வாசகர் வட்டங்களைக் கூட்டி ஆட்களைப் பழக்கினால் புரட்டாசியில் வீடு வீடாகப் போகலாம். ஐப்பசி மழை வந்துவிட்டால் யாரும் வெளியே போகாமல் திண்ணையில்தான் இருப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் யாரிடம் முதலில் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் நின்றவர்களின் அட்டை எண்கள் பல இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன. தேதியைத் தெரிவியுங்கள், உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர் ஒருவர்
முக்கூடல் வட்டாரம்